ஆபீசுக்குப் போனவளின் மகள்

எங்கள் பக்கத்தில் ‘ஆபீஸ்’ என்ற சொல்லைக் கேட்டால் மேசையோ நாற்காலியோ நினைவுக்கு வராது. தீப்பெட்டி ஆபீஸ், பயர் ஆபீஸ். விடியற்காலையில் சாத்தூர், சிவகாசி, வெம்பக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களின் முக்குகளில் தூக்குவாளியோடு வேனுக்கு நிற்கும் பெண்கள் எல்லாரும் ஆபீசுக்குத்தான் போகிறார்கள். திரி கிள்ளுவதும் சரம் பின்னுவதும் குழாய்க்குள் மருந்து செலுத்துவதும் பெட்டி ஒட்டுவதும் ஆபீஸ் வேலை. வெளியூர்க்காரர்கள் முதலில் கேட்கும்போது சிரிப்பார்கள். நானே மதுரையில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்த புதிதில், “எங்க சித்தி ஆபீசுக்குப் போறாங்க” என்று சொல்லி, “எந்த டிபார்ட்மெண்ட்?” என்ற கேள்விக்கு விழித்திருக்கிறேன்.

இப்போது அந்த வேனுக்கு நிற்பவர்களில் இருபது வயதுப் பெண்கள் குறைவு. அவர்கள் ‘கம்பெனி’க்குப் போய்விட்டார்கள். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், மறைமலைநகர் பக்கம், ஓசூர் பக்கம். அம்மா ஆபீசுக்கு, மகள் கம்பெனிக்கு. இரண்டு சொற்களும் ஆங்கிலத்திலிருந்து வந்தவை. இரண்டையும் எங்கள் பெண்கள் தங்கள் வசதிக்கு வளைத்துக்கொண்டார்கள். இந்தக் கட்டுரை இரண்டாவது சொல்லைப் பற்றியது. ஆனால் முதல் சொல் இல்லாமல் அதை என்னால் படிக்க முடியவில்லை.

முதுகலை மாணவிகளுக்கு ஒரு பருவம் ‘உழைப்பும் இலக்கியமும்’ என்ற தலைப்பில் பாடம் எடுத்தேன். வயல், தறி, தேயிலைத் தோட்டம் எல்லாம் கடந்து, தொழில்நுட்ப நிறுவனத்தில் வேலை பார்ப்பவர்களின் அனுபவம் தமிழில் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்ற பகுதிக்கு வந்தோம். இரா. முருகனின் ‘மூன்று விரல்’, விநாயக முருகனின் ‘ராஜீவ்காந்தி சாலை’ ஆகிய நாவல்கள், ராமின் ‘கற்றது தமிழ்’ திரைப்படம் என்று ஒரு பட்டியல் வைத்திருந்தேன். படத்தை வகுப்பிலேயே போட்டோம். முடிந்ததும் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். “மேடம், எங்கக்காவும் டெக்னாலஜி கம்பெனிலதான் வேலை பாக்குறா. போன் செய்யுற கம்பெனி. நீங்க சொன்ன எதுலயும் அவ இல்லையே.”

அவள் அம்மா பயர் ஆபீசில் சரம் பின்னுகிறவர். அக்கா பிளஸ் டூ முடித்து, ஒரு ஏஜெண்ட் மூலம் வேலைக்குப் போனவள். கேள்வியில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. வருகைப் பதிவேட்டில் ஒரு பெயர் விட்டுப்போனதைச் சொல்வதுபோலத்தான் சொன்னாள். எனக்குத்தான் பதில் இல்லை.

‘கற்றது தமிழ்’ 2007-இல் வெளிவந்தது. முதலில் வைத்த பெயர் ‘தமிழ் எம்.ஏ.’ தமிழ் படித்துவிட்டு மிகச் சொற்பச் சம்பளத்துக்குப் பள்ளியில் பாடம் நடத்தும் பிரபாகர் ஒரு பக்கம், கணினி முன்னால் உட்கார்ந்து அதைப் பல மடங்காகச் சம்பாதிப்பவர்கள் மறுபக்கம். அப்போது நான் ஆய்வு மாணவி. உதவித்தொகை எப்போது வரும் என்று தெரியாத காலம். பல்கலைக்கழகத் தோழர்களோடு கூட்டமாகப் போய்ப் பார்த்தேன். பிரபாகர் பேசப் பேச, நம் வாயைப் பிடுங்கிப் பேசுகிறான் என்று இருந்தது. கைதட்டினேன். அதை மறைக்க விரும்பவில்லை.

அதே படத்தில், ஆங்கில வாசகம் அச்சிட்ட பனியன் அணிந்த ஒரு பெண்ணிடம், அந்த வாசகத்தையே காரணமாக்கி நாயகன் அத்துமீறும் காட்சி ஒன்று உண்டு. அந்த நேரத்தில் தியேட்டரில் விசில் பறந்தது. என்னோடு வந்த ஐந்து பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. வெளியே வந்து டீ குடித்தபோதும் உலகமயமாக்கல் பற்றித்தான் பேசினோம். சம்பள ஏற்றத்தாழ்வு மீதான கோபம் ஏன் ஒரு பெண்ணின் உடம்பில் போய் இறங்க வேண்டும் என்று எங்களில் யாரும் கேட்கவில்லை. கேட்டால் நம்முடைய கோபத்துக்குப் பங்கம் வந்துவிடும் என்று பயந்தோம் என்று இப்போது தோன்றுகிறது.

இன்று வகுப்பில் திரும்பப் பார்த்தபோது வேறொன்றும் தெரிந்தது. அந்தப் படத்தில் பெண்களுக்கு இரண்டே இடங்கள். ஒன்று, புதிய பணத்தின் அடையாளமாக உடுத்திக்கொண்டு நடமாடும் நகரத்துப் பெண். இன்னொன்று ஆனந்தி. வறுமை அவளை எங்கே கொண்டு சேர்க்கிறது என்பதைப் படம் பார்த்தவர்கள் அறிவார்கள். வேலைக்குப் போய்ச் சம்பளத்தை எண்ணி வாங்கி வீட்டுக்கு அனுப்புகிற ஒரு பெண்ணுக்கு அங்கே இடமில்லை. உண்மையில் தமிழ்நாட்டுக்குள் வந்த ‘புதிய பொருளாதாரம்’ அவள் கையால்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை 2006-இல் உற்பத்தியைத் தொடங்கியிருந்தது. வேலைக்குச் சேர்ந்தவர்களில் பெரும்பகுதி பள்ளிப் படிப்போ பட்டயப் படிப்போ முடித்த இளம்பெண்கள். பிரபாகர் சென்னைத் தெருக்களில் ஆத்திரத்தோடு அலைந்த அதே ஆண்டில் ஊருக்கு மேற்கே அவர்கள் ஷிப்ட் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தார்கள். 2014 நவம்பர் 1 அன்று அந்த ஆலையில் உற்பத்தி நின்றபோது அவர்களில் பலர் இருபதுகளின் நடுவில் இருந்தார்கள். அந்த எட்டாண்டுகளைப் பற்றித் தமிழில் ஒரு நாவல் வந்திருந்தால் என் மாணவியின் கேள்விக்குக் கையில் ஏதாவது இருந்திருக்கும்.

நாவல்களைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. கணினித் துறை தமிழனுக்குத் தந்த பதற்றத்தையும், பழைய மகாபலிபுரம் சாலை எழுந்தபோது பெயர்த்தெறியப்பட்ட வாழ்க்கைகளையும் எழுதியதில் அவற்றுக்குப் பங்கு உண்டு. ஆனால் பொதுவாகவே நம் கதைகளில் ஐ.டி. பெண் தன் உறவுகள் வழியாகவே அறிமுகமாகிறாள். யாரோடு பழகுகிறாள், எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறாள், கணவனைவிட எவ்வளவு அதிகம் வாங்குகிறாள் என்பதெல்லாம் வாசகருக்குத் தெரிந்துவிடும். அன்றைக்கு அவள் திரையில் என்ன பிழையைத் திருத்தினாள் என்பது மட்டும் தெரியாது. 2015 ஜனவரியில், பெரிய மென்பொருள் நிறுவனம் ஒன்று பணிநீக்கம் செய்த கர்ப்பிணிப் பெண் சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போய் இடைக்காலத் தடை வாங்கினார். வழக்குப் போட்டால் வேறெங்கும் வேலை கிடைக்காது என்று எல்லாரும் நம்பிய துறையில், வயிற்றில் பிள்ளையோடு ஒருத்தி அதைச் செய்தாள். நம் ஐ.டி. புனைகதைகளில் நான் சந்தித்த எந்தப் பெண்ணும் நீதிமன்றப் படி ஏறியவள் இல்லை.

சரி, அக்காவுக்கு வருவோம். இலக்கியத்தில் அவள் இல்லை என்றால் எங்கே இருக்கிறாள்? செய்தி அறிக்கைகளில், நீதிமன்ற ஆவணங்களில், ஒரு இரவு சாலையில்.

2021 டிசம்பர் நடுவில், ஸ்ரீபெரும்புதூர் அருகே உள்ள பாக்ஸ்கான் ஆலையில் ஆப்பிள் கைபேசி செய்யும் பெண்கள் தங்கியிருந்த பூந்தமல்லிப் பக்கத்து விடுதி ஒன்றில் உணவு நஞ்சானது. 150-க்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். திரும்பி வராத தோழிகளுக்கு என்ன ஆனது என்று தெரியவில்லை. இறந்துவிட்டார்கள் என்ற பேச்சு கைபேசி வழியாகப் பரவியது. டிசம்பர் 17 இரவு பெண்கள் சென்னை-பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். மறுநாளும் எழுந்திருக்கவில்லை. ஏறக்குறைய 17,000 பேர் வேலை பார்த்த ஆலை மூடப்பட்டது. பிறகு வந்த செய்திகளில் விவரங்கள் வெளியாயின. ஒரே அறையில் ஆறு பேர் முதல் முப்பது பேர் வரை, தரையில் படுக்கை, தண்ணீர் வராத கழிப்பறை, எலிகள் நடமாடும் சமையற்கட்டு. மாதச் சம்பளம் 10,500 ரூபாய் அளவில். விடுதியும் சாப்பாடும் தங்கள் தரத்துக்கு இல்லை என்று ஆப்பிள் ஒப்புக்கொண்டு, அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. 2022 ஜனவரி 12 அன்று ஆலை மறுபடி திறந்தது.

இந்த நிகழ்வை ஒரு பிரதியாக வைத்துப் படித்துப் பார்க்கச் சொன்னேன் மாணவிகளிடம். நாளிதழ்களில் திரும்பத் திரும்ப வந்த சொல் ‘வதந்தி’. வதந்தியை நம்பிச் சாலை மறியல், வதந்தி பரப்பியவர்கள் கைது. யாரும் சாகவில்லை என்பது உண்மை. சாவு பற்றிய செய்தி பொய். ஆனால் அந்தப் பொய் எப்படி நம்பத்தக்கதாக ஆனது என்பதில்தான் அந்தப் பெண்களின் அனுபவம் முழுவதும் இருக்கிறது. ஏஜெண்ட் ஒருவர் வேலைக்கு எடுத்தார், இன்னொருவர் விடுதி நடத்தினார், வேறொருவர் சமைத்தார், பொருள் செய்வது ஒரு நாட்டுக் கம்பெனி, பெயர் பொறிப்பது இன்னொரு நாட்டுக் கம்பெனி. “பக்கத்துக் கட்டில்காரி எங்கே?” என்று இந்த வரிசையில் யாரிடம் கேட்பது? பதில் சொல்ல வேண்டிய ஆள் யாரென்றே தெரியாத இடத்தில், பதில் வராதபோது, சாவைத்தான் மனம் முதலில் நினைக்கும். எங்கள் ஊரில் இது புதிதல்ல. தூரத்தில் வெடிச்சத்தம் கேட்டால் எந்த ஆபீஸ் என்று தெரிவதற்குள் பத்து வீடுகளில் ஒப்பாரி தொடங்கிவிடும். எட்டு வீட்டு ஒப்பாரி தப்பாகப் போகும். அதற்காக அந்த எட்டு வீட்டுக்காரர்களும் வதந்தி பரப்பியதாக யாரும் சொல்வதில்லை.

ஒரு ஒப்பீடு. 2024 செப்டம்பர் 9 அன்று சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். 37 நாள் நடந்தது. சங்கத்தைப் பதிவு செய்யும் உரிமைதான் மையக் கோரிக்கை. 2025 ஜனவரியில் பதிவும் கிடைத்தது. பந்தலில் இருந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். அது முதல் நாளிலிருந்தே ‘போராட்டம்’ என்று எழுதப்பட்டது. சட்டமன்றத்திலிருந்து டீக்கடை வரை ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் அதைப் போராட்டமாக எடுத்துக்கொண்டுதான் பேசினார்கள். அதற்கு அவர்கள் தகுதியானவர்கள்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அதே வட்டாரத்தில், சங்கமோ கொடியோ முன்னேற்பாடோ இல்லாமல், டிசம்பர்க் குளிரில் நெடுஞ்சாலையை நிறுத்திய பெண்களின் செயலுக்கு மட்டும் ஏன் பீதி, குழப்பம், வதந்தி என்று பெயர்? அவர்கள் கேட்டதும் தெளிவாகத்தான் இருந்தது. எங்களோடு இருந்தவர்களைக் கண்ணில் காட்டுங்கள்.

அடுத்த பிரதி, 2024 ஜூன் 25 அன்று ராய்ட்டர்ஸ் வெளியிட்ட புலனாய்வு. அதே பாக்ஸ்கான் ஆலையில், ஐபோன் பொருத்தும் வேலைக்கு மணமான பெண்களைத் திட்டமிட்டே தவிர்க்கிறார்கள் என்றது அது. குடும்பப் பொறுப்பு, பிள்ளைப்பேறு, விடுப்பு என்று காரணங்கள். மணமான இந்துப் பெண்கள் அணியும் உலோக நகைகள் உற்பத்தியைப் பாதிக்கலாம் என்பதும் அவற்றில் ஒன்று. நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது, புதிதாகச் சேர்த்தவர்களில் நாலில் ஒருவர் மணமான பெண் என்றது. உலோகத்தைக் கழற்ற வேண்டும் என்பது ஆண், பெண், மதம் பாராத பாதுகாப்பு விதி என்றும் விளக்கியது. மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. வேலைக்கு எடுப்பதில் ஆண், பெண் பாகுபாடு கூடாது என்று 1976-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் சொல்கிறது என்று நினைவூட்டியது. அதே ஆண்டின் பிற்பகுதியில், ஆள் எடுக்கும் ஏஜெண்டுகளின் விளம்பரங்களில் திருமணம் பற்றிய நிபந்தனையை நீக்கச் சொல்லப்பட்டதாக மறுபடி செய்தி வந்தது.

உலோகம் பற்றிய அந்த வாக்கியத்தை வகுப்பில் வாசித்தபோது நடந்ததைச் சொல்ல வேண்டும். இருபத்திரண்டு மாணவிகளில் பாதிப்பேர் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். விளங்காமல் கேட்டேன். ஒருத்தி சொன்னாள்: “எங்கம்மா தாலியோட, மெட்டியோட மருந்து ரூமுக்குப் பக்கத்துல ஒக்காந்துருக்கு மேடம். அங்க கல்யாணமானவங்களத்தான் கூப்புடுவாங்க.” வெடிமருந்துக்கு நடுவே உராய்வும் பொறியும் உயிரை எடுக்கும். இரும்புக் கருவி கூடாது, நைலான் துணி கூடாது என்பதெல்லாம் பட்டாசுத் தொழிலின் அரிச்சுவடி. அந்த இடத்தில் தாலிக்காரி வேண்டியிருக்கிறாள். கைபேசி பொருத்தும் இடத்தில் அவள் இடைஞ்சலாகிவிட்டாள்.

காரணம் உலோகத்தில் இல்லை என்பது மாணவிகளுக்கு உடனே தெரிந்துவிட்டது. பட்டாசுக்குத் துண்டுக் கூலி. கல்யாணமானவள் ஊரை விட்டுப் போகமாட்டாள், பிள்ளை படிப்புக்கும் கடனுக்கும் கட்டுப்பட்டிருப்பாள், தீபாவளிக்கு முன் வேலை குவியும்போது வருவாள், குறையும்போது வீட்டில் இருப்பாள். போன் கம்பெனிக்கு விடுதியில் கிடப்பவள் வேண்டும், ராத்திரி ஷிப்டுக்கு எழுப்பினால் எழுபவள் வேண்டும், இரண்டு மூன்று வருடத்தில் தானாகவே கல்யாணத்துக்குக் கழன்றுகொள்பவள் வேண்டும். ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் நூற்பாலைகள் இதைத்தான் செய்தன. பெயரில் மங்கலம் இருந்ததால் நெடுநாள் யாரும் கேள்வி கேட்கவில்லை. ஒரே வீட்டில் தாயின் திருமணம் ஒரு தொழிலுக்கு முதலீடு, மகளின் திருமணமின்மை இன்னொரு தொழிலுக்கு முதலீடு. நாட்டின் தொழிற்சாலைப் பெண்களில் நாற்பது சதவீதத்துக்கும் மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள் என்று நாம் பெருமையோடு சொல்கிறோம். பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் எத்தனை வயது வரை இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இரவு வேலை பற்றி ஒன்று. பெண்களை இரவில் ஆலையில் வைத்திருக்கக் கூடாது என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தில் இருந்த தடையை சென்னை உயர்நீதிமன்றம் 2000-இல் நீக்கியது. பாதுகாப்பு, போக்குவரத்து என்று நிபந்தனைகளோடு. அன்று அதைச் சமத்துவத் தீர்ப்பாகவே வரவேற்றோம், இன்றும் அதைத் தவறென்று சொல்லமாட்டேன். இருபத்தோராம் ஆண்டில் அந்த நிபந்தனைகள் பூந்தமல்லி விடுதியின் தரையில் வந்து படுத்திருந்தன.

செய்தி அறிக்கைகளை மாணவிகள் படித்துவந்தபோது ஒரு விஷயத்தைக் குறித்துக்கொண்டே வந்தார்கள். பெயர்கள் இல்லை. ‘21 வயதுப் பெண்’, ‘பெயர் சொல்ல விரும்பாத ஊழியர்’. ஒரு மாணவி கேட்டாள்: “அகப்பாட்டுலயும் பேரு இருக்காதுல்ல மேடம்?”

பேராசிரியர்கள் தூக்கத்திலும் சொல்லும் இலக்கணம் அது. அகத்திணையில் தலைவன், தலைவியின் பெயரைச் சுட்டக்கூடாது. பெயர் வந்துவிட்டால் அது புறமாகிவிடும். பெயரில்லாததால்தான் அகத்தலைவி எவளாகவும் இருக்க முடிந்தது என்று நான் இருபது வருடமாகப் பாடம் நடத்திவருகிறேன். ஆனால் கம்பெனிப் பெண்ணின் பெயரின்மை வேறு. பெயர் வெளியே வந்தால் கேட் பாஸ் செல்லாது. இவளுடைய ஏஜெண்ட் அடுத்த கம்பெனிக்கும் ஆள் எடுப்பவன். ஊரில் அப்பாவுக்குப் போன் போகும். போன் போனால் அன்று ராத்திரியே பஸ். பெயர் மறைப்பதற்கு இங்கே காரணம் பயம்.

அகத்திலிருந்து இன்னொன்றும் தொந்தரவு செய்கிறது. பொருள் தேடிப் பிரிவது அங்கே ஆணுக்குரிய செயல். பெண் வீட்டில் இருந்து நாளை எண்ணிச் சுவரில் கோடு போடுவாள். கடல் கடந்து செல்லும் பிரிவில் பெண்ணுக்கு இடமில்லை என்று தொல்காப்பியமே வரையறுத்தது. மகள் வீட்டைவிட்டுப் போவதற்கு ஒரே ஒரு வகைதான் இருந்தது: உடன்போக்கு. அதற்குத்தான் நற்றாயும் செவிலியும் பாலை வெயிலில் நின்று புலம்புவார்கள். இன்று எங்கள் ஊரில் பொருள்வயிற் பிரிபவள் மகள். நாளை எண்ணுபவள் அம்மா. மகள் யாரோடு போனாள் என்பதைவிட எந்த ஷிப்டில் இருக்கிறாள் என்பது அவளுக்கு முக்கியம், ஏனென்றால் அதைப் பொறுத்துத்தான் போன் பேச முடியும். இந்தப் பாலைக்கு நம்மிடம் திணை இலக்கணம் இல்லை. இல்லாதது பற்றி நான் இலக்கணக்காரர்களைக் குறை சொல்லவில்லை. என்னைத்தான் கேட்டுக்கொள்கிறேன்.

நானும் கவிதை எழுதுகிறவள். 2000-க்குப் பிறகு சல்மா, மாலதி மைத்ரி, குட்டி ரேவதி, சுகிர்தராணி என்று ஒரு தலைமுறை, பெண்ணுடலைப் பெண்ணே பேசும் உரிமையை வசைகளுக்கு நடுவில் வாங்கிக்கொடுத்தது. அவர்கள் திறந்த வாசல் வழியாகத்தான் நான் உள்ளே வந்தேன். என் முதல் தொகுப்பில் முலை உண்டு, கருப்பை உண்டு, காமம் உண்டு. கணுக்கால் இல்லை. எட்டு மணி நேரம் நின்று வீங்குகிற கணுக்கால். சல்பர் ஏறி மஞ்சளாகிய நகம் இல்லை, என் சித்தியின் விரலில் நான் தினமும் பார்த்திருந்தும். சுகிர்தராணியின் கவிதைகளில் சாதியும் உழைப்பும் ஏறிய உடல் உண்டு. எங்களில் பலர் அதைப் பாராட்டி மதிப்புரை எழுதிவிட்டு, படுக்கையறைக்கே திரும்பிப் போனோம். நாங்கள் எழுதிய உடல் ஓய்வில் இருந்த உடல். வேலை முடிந்து குளித்துவிட்டு வந்த உடல்.

எங்கள் பகுதி காமிராவுக்குள் வராமல் இல்லை. சலம் பென்னூர்கரின் ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ ஆவணப்படம் 1990-இல் வந்தது. இந்த வட்டாரத்தின் தீப்பெட்டித் தொழிலில் வேலை செய்த குழந்தைகளை உலகம் பார்த்தது. வழக்குகள் நடந்தன, 1996-இல் எம்.சி. மேத்தா வழக்கில் உச்சநீதிமன்றத் தீர்ப்பு வந்தது. பிறகு குழந்தைகள் மெல்ல மெல்லப் பள்ளிக்கு வந்தார்கள். அது வெற்றி. ஆனால் அந்தப் படத்தின் சிறுமிகள் என் வயதுக்காரிகள். பத்து வயதில் நானும் கோடை விடுமுறையில் வீட்டுத் திண்ணையில் பெட்டி ஒட்டியிருக்கிறேன். பசை மணம் இப்போதும் தெரியும். எனக்குப் படிப்பு வாய்த்தது. அவர்களில் பலருக்கு வாய்க்கவில்லை. வளர்ந்து, அதே ஆபீசில் பெரிய பெண்களாக உட்கார்ந்தார்கள். குழந்தையாக இருந்தவரை அவர்களைப் பற்றிப் படம் எடுத்தார்கள், வழக்குப் போட்டார்கள், வெளிநாட்டிலிருந்து வந்து பார்த்தார்கள். பதினெட்டு நிறைந்ததும் அவர்கள் வெறும் ‘தொழிலாளர்’ ஆகிவிட்டார்கள். 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டியில் 40-ஐ நெருங்கிய உயிர்கள் போனதுபோல ஏதாவது நடந்தால் மட்டும் திரும்பவும் பெயர், வயது, ஊர். அந்தச் சிறுமிகளின் மகள்கள்தான் இன்று ஸ்ரீபெரும்புதூர் லைனில் நிற்கிறார்கள். என் வகுப்பிலும் உட்கார்ந்திருக்கிறார்கள். சிவகாசியில் 1968 முதல் பட்டாசு நிறுவனத்தின் பெயரைத் தாங்கிய மகளிர் கல்லூரியே இருக்கிறது. எங்கள் பக்கம் பெண்களின் படிப்பும் மருந்து வாடையோடுதான் வளர்ந்தது.

அரசு எதுவும் செய்யவில்லை என்று சொன்னால் பொய். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. 706 கோடி ரூபாய்க்கும் மேல் செலவு. கட்டில் இருக்கும், தண்ணீர் வரும். தரையில் படுத்தவளுக்கு அது சிறிய விஷயம் இல்லை. வகுப்பில் அதன் படத்தைக் காட்டியபோது எல்லாரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். ஒருத்தி மட்டும், “கல்யாணமாச்சுன்னா அங்க இருக்க முடியாதுல்ல?” என்றாள். நகரம் அளவுக்குப் பெண்கள் வாழும் ஓர் இடம். அங்கே எத்தனை பிள்ளைகள் விளையாடும் என்று நான் யோசித்துப் பார்த்தேன்.

பொங்கல் விடுப்பில் அந்த அக்கா ஊருக்கு வந்தாள். தங்கையோடு என் வீட்டுக்கும் வந்தாள். எந்தக் கம்பெனி என்று எழுத வேண்டாம் என்றுதான் பேச்சைத் தொடங்கினாள். இருபத்து மூன்று வயது. சிவகாசி ரத வீதிகளைப் பற்றிப் பேசும்போது ஓடுகிற பேச்சு, வேலையைப் பற்றிக் கேட்டதும் தயங்கியது. மறைப்பதாகத் தோன்றவில்லை. அதைச் சொல்லிப் பழக்கமில்லை. ஒரு பாகத்தைச் சரிபார்ப்பது அவள் வேலை. தலை முதல் கால் வரை மூடிய உடை. ரிலீவர் வந்தால்தான் பாத்ரூம். லைனில் பேச்சு கிடையாது என்பதால் அவர்களுக்குள் புருவத்தால் ஒரு பாஷை உண்டு, கண் மட்டும்தானே வெளியே தெரிகிறது. சூப்பர்வைசர் வருகிறார், பசிக்கிறது, இன்றைக்கு ஓ.டி. போட்டுவிட்டார்கள், உனக்கு மாதவிலக்கா, எல்லாம் புருவத்தில். செய்து காட்டினாள். தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள்.

“சம்பளம் பிடிச்சிருக்கா?” என்று கேட்டேன். “எம்பேர்ல பேங்க்ல வருது மேடம். எங்கம்மாவுக்கு அம்பது வயசு வரைக்கும் பேங்க் புக்கே கெடையாது.” அவளை வெறும் பாதிக்கப்பட்டவளாக எழுதிவிடாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்ட இடம் அது. வீட்டில் அவள் வார்த்தை இப்போது எடுபடுகிறது. இரண்டு மாப்பிள்ளைகளை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள். “கல்யாணம் பண்ணா வேலை போயிரும்னு சொன்னேன். அது அவுங்களுக்குப் புரியுது. புடிக்கலன்னு சொன்னா புரியாது” என்றாள். கம்பெனியின் பாகுபாட்டையே தன் கல்யாணத்தைத் தள்ளிப்போடும் கருவியாக்கிக்கொண்டவளை எந்தக் கோட்பாட்டில் வைப்பது? எங்கள் பெண்ணியப் பாடத்திட்டத்தில் அவளுக்குத் தயாராக ஒரு பெட்டி இல்லை.

புறப்படும்போது பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள். தங்கைதான் கொண்டுவரச் சொல்லியிருக்கிறாள். கூட்டல் கணக்குகள்: ஓ.டி. நேரம், விடுதிப் பிடித்தம், சீட்டுப் பணம், தம்பியின் கல்லூரிக் கட்டணம். கணக்குகளுக்கு நடுவே, பக்கத்துக்கு ஓரிரண்டாகச் சில வரிகள். சில புருவப் பேச்சைப் பற்றியவை. ஒன்று, நின்றுகொண்டே தூங்குவதைப் பற்றி. இன்னொன்றில் அவள் அம்மாவின் விரல் வந்தது. பத்து நிமிடம் நின்றபடியே படித்தேன். காப்பி எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன்.

“வேண்டாம் மேடம். எழுத்தப் பாத்தா அவுங்களுக்குத் தெரிஞ்சுரும்.”

அவளுடைய கையெழுத்தைச் சொன்னாளா, எழுதும் விதத்தைச் சொன்னாளா என்று கேட்கவில்லை. நோட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டாள். பேருந்து நிலையம் வரை மூவரும் நடந்துபோனோம். இரவு எட்டரைக்குச் சென்னை வண்டி. மறுநாள் மதியம் அவளுக்கு ஷிப்ட்.